கரைக்கு வெளியே ஒரு சிவப்பு இழை

நாலு வரி போதும் என்றார் மேனேஜர். எழுதிக் கொடுத்துவிட்டேன். அது இப்போது துணிக்கடையின் வாசலில், என் ஓரகத்தியின் படத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில் பலகையாக நிற்கிறது. படிக்கிறவர்கள் எல்லாம் 'எவ்வளவு பாசமாக எழுதியிருக்கிறார்கள்' என்கிறார்களாம். பாசமாம். அந்த நாலு வரியை எழுத என் கை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருஷப் பொறாமையை நாலு வரிக்குள் மடித்து வைப்பது லேசான வேலையா? பலகையில் ஏறாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. வாய் நிறைய 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு பெயர்கள் உண்டு. அவற்றைத் தாளில் எழுத முடியாது.

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் முன்கூடம் முழுக்கத் தறிதான். இரண்டு குழி, இரண்டு தறி, நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு வழி. அண்ணனும் தம்பியும் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது சாப்பாட்டுக்குத்தான். கூடத்துக்குப் பின்னால் இரண்டு சமையலறை, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது.

வந்த அன்றைக்கு நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, கையை. தறிக்குப் பின்னால் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள்.

பிணைப்பது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு முடிகிறபோது அதைக் கடைசிவரை நெய்துவிட மாட்டார்கள்; ஒரு முழம் மிச்சம் விடுவார்கள். அந்த மிச்ச நூல்களின் நுனியோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரலால் முறுக்கி ஒட்டவைக்க வேண்டும். முடிச்சுப் போட்டால், நூல் நுழைந்து ஓடும் சீப்பு மாதிரியான அச்சின் பல்லில் மாட்டி அறுந்துவிடும். மூவாயிரத்து இருநூறு நூல். வரிசை ஒன்று தவறினாலும் துணி முழுக்க அந்தத் தவறு ஓடும். நெய்கிறவர் ஆம்பிளை, பிணைக்கிறவள் பொம்பளை என்பது எங்கள் தெருக் கணக்கு.

அவள் காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்துவிடுவாள். அதுவும் இடது கையால். சாம்பலை ஒரு சிட்டிகை விரலில் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரே தேய்ப்பு. இடது கை என்பதால் முறுக்கு எதிர்ப்பக்கமாக விழும். யார் வீட்டுத் தறியிலும் பிணைப்பைத் தடவிப் பார்த்து, 'இது இடக்கை போட்டது' என்று சொல்லிவிடுவார்கள். கடைசியில் அதுவே அவள் பெயராகிவிட்டது. 'சாயங்காலத்துக்குள்ள முடியணும், இடக்கையைக் கூப்பிடு.' முப்பத்து நாலு தறி இருந்த தெருவில் முப்பத்து மூன்று தறிக்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள். முப்பத்து நாலாவது என் வீட்டுக்காரர். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் தணிந்த குரலில்.

"அண்ணியே பிணைச்சிடட்டுமே. உனக்கெதுக்கு வீண் சிரமம்?"

இதைவிடக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம். நானும் பழகாமல் இல்லை. கட்டைவிரல் தோல் உரிய உரியப் பழகினேன். சாம்பல் என் விரலில் நிற்காது. நாக்கில் தொட்டு எச்சிலால் முறுக்குவேன். ஒரு பாவுக்கு ஒன்றரை நாள் ஆகும். முதன்முதலாக நான் ஒரு பாவை முழுசாக முடித்த அன்று மாமியார் வந்து தடவிப் பார்த்தார். "பரவாயில்ல" என்றார். பரவாயில்லை என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவள் மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. சண்டைக்கு வர மாட்டாள். கடன் கேட்க மாட்டாள். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் மடியிலேயே வைத்திருந்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

பிறகு பெரிய சாலைக்குப் பின்னால் விசைத்தறி ஷெட் வந்தது. ஒன்று வந்தது, அப்புறம் ஒன்பது வந்தன. நாங்கள் ஒரு வாரம் நெய்ததை அது டீ குடித்து முடிக்கும் நேரத்தில் தள்ளியது. தெருவில் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எதிர்வீட்டுக்காரர் தறியைப் பிரித்துக் குழிக்குள் வெங்காய மூட்டை அடுக்கினார். அடுத்த வீட்டில் சிமென்ட் போட்டு மூடி அதன் மேல் பைக்கை நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு தடவை வந்து, "கடைசியா ஒரு பாவு, நீதான் பிணைச்சுத் தரணும்" என்று அவளைக் கூப்பிட்டார்கள். கடைசிப் பாவுக்குக்கூட என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

முப்பத்து நாலு இரண்டானது. மிஞ்சிய இரண்டும் எங்கள் கூடத்திலேயே இருந்தன. அப்புறம் கேமராவோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "இந்தத் தொழில் மேல உங்களுக்கு எப்படி இவ்வளவு பற்று?" என்று கேட்பார்கள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்துகொள்வேன். பற்றாவது, புடலங்காயாவது. என் வீட்டுக்காரர் மாசத்துக்கு ஒரு தடவை, "ஷெட்டுக்கே போயிடலாமா?" என்பார். "அவங்க முதல்ல நிறுத்தட்டும். மறுநாளே நாமளும் நிறுத்திடலாம்" என்பேன். சுவருக்கு அந்தப் பக்கமும் இதே பேச்சுதான் ஓடியது. "சின்னவ நிறுத்தட்டும், பாத்துக்கலாம்" என்று அவள் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்கும். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழை ஆக வேண்டும் என்பார்களே, அந்த வைராக்கியத்தில்தான் எங்கள் தெருவில் கைத்தறி இன்னும் ஆறு வருஷம் உயிரோடு இருந்தது.

அந்த ஆறு வருஷத்தின் கடைசியில் எனக்குப் புதிதாக ஒரு எரிச்சல் சேர்ந்தது. மூத்தாரை, அதாவது அவள் கணவரை, அவள் விழுந்து விழுந்து கவனிக்க ஆரம்பித்தாள். அவர் நெய்யும்போது பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஓர் இழை அறுந்தால் அவர் கை வைப்பதற்கு முன்னால் இவள் கை போய்விடும். டீ கொண்டுவந்தால் டம்ளரை அவர் உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டுத்தான் தன் கையை எடுப்பாள். நான் என் வீட்டுக்காரருக்கு டம்ளரைக் குழி ஓரத்தில் 'டொக்'கென்று வைத்துவிட்டுப் போய்விடுவேன். அவர் அந்தப் பக்கம் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எடுத்துக் குடிப்பார். பேரன் எடுக்கும் வயசில் என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கிறது என்று பாத்திரங்களை இரண்டு மடங்கு சத்தத்தோடு கழுவுவேன்.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார். டவுனில் பெரிய துணிக்கடை. கடையின் முன்பக்கம் ஒரு கண்ணாடி அறை கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு தறி ஓட வேண்டும். கணவன் நெய்ய வேண்டும், மனைவி பிணைக்க வேண்டும், வாடிக்கையாளர்கள் நின்று பார்க்க வேண்டும். மாசச் சம்பளம், கடைக்குப் பின்னாலேயே குடியிருக்க வீடு. எல்லாம் சரி. ஆனால் ஒரே ஒரு தறிக்குத்தான் இடம்.

"ஆளுக்கு ஒரு போர்வை நெய்ங்க. ஒரே மாதிரி, வெள்ளை உடம்பு, சிவப்புக் கரை. பதினஞ்சு நாள்ல வந்து பாக்கறேன். எது நல்லா இருக்கோ அந்தத் தறி" என்றார்.

எனக்கு அந்த அறை வேண்டும். சம்பளத்துக்காக என்று சொன்னால் பொய். கண்ணாடிக்குள் நான் உட்கார்ந்து முறுக்க வேண்டும், ஊரே வேடிக்கை பார்க்க வேண்டும், அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக அவள் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

"என் பாவை நானே பிணைச்சுக்கறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். வழக்கம்போல ஒன்றரை நாள் எச்சில் வற்ற முறுக்கினேன். அவள் வழக்கம்போல மதியத்துக்குள் முடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். அண்ணனும் தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நானும் இரண்டு தறியும்தான்.

அவள் பிணைப்பைத் தடவிப் பார்த்தேன். மூவாயிரத்து இருநூறும் ஒரே மாதிரி, வழவழவென்று. அந்த வழவழப்புதான் என்னைக் கெடுத்தது. சிவப்புக் கரையின் கடைசி இழையை உருவினேன். அதிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு வெள்ளை இழையை உருவினேன். இரண்டையும் இடம் மாற்றிப் பிணைத்தேன். என் முறுக்கு என்று தெரியக் கூடாதே. இடது கையால், எதிர்ப்பக்கமாக முறுக்கினேன். முதல் தடவையாக அவள் கை மாதிரியே எனக்கு வந்தது. திருட்டுத்தனம் செய்யும்போதா வர வேண்டும்?

இனிமேல் அந்தப் போர்வையில் கரையை விட்டு வெளியே வந்த ஒற்றைச் சிவப்பு இழை, வெள்ளைக்கு நடுவில், தலையிலிருந்து கால்வரை ஓடும். கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.

முதல் சாண் நெய்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள், அறுத்து மாற்றிப் பிணைப்பார்கள், ஒரு நாள் வீணாகும், அவசரத்தில் நெசவு கெடும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். மூத்தார் முதல் சாண் நெய்தார். இரண்டாவது சாணும் நெய்தார். சிவப்பு இழை பளிச்சென்று நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவளும் ஒன்றும் சொல்லவில்லை. முழத்துக்கு முழம் அது வளர்ந்துகொண்டே போனது. இடக்கைக்கும் வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பதினைந்து நாளும் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

மேனேஜர் வந்தார். இரண்டு போர்வையையும் கட்டிலில் விரித்தார். என்னுடையதை முதலில் பார்த்தார். தடவினார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு. அப்படியே மெஷின்ல நெய்த மாதிரி இருக்கு" என்றார். புகழ்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவேறு தொலைத்தேன்.

பிறகு அவளுடையதை எடுத்தார். விரல் நேராக அந்த இழையில் போய் நின்றது. "இது என்னம்மா?"

இருபத்தாறு வருஷம் காத்திருந்த நிமிஷம் அது.

"தப்புதாங்க" என்றாள் அவள். "நூல் இடம் மாறிப்போச்சு. கவனிக்கல."

"மெஷின்ல இப்படி மாறுமா?"

"மெஷின்ல எப்படிங்க மாறும்?"

மேனேஜர் துள்ளிக் குதிக்காத குறைதான். "கையில நெய்ததுன்னு எப்படி நம்பறதுன்னுதான் கடைக்கு வர்றவங்க அத்தனை பேரும் கேக்கறாங்க. இனிமே நான் இதைக் காட்டுவேன். எல்லாப் போர்வையிலயும் இதே மாதிரி ஒரு இழை விட்டுடுங்கம்மா!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை ஊருக்கெல்லாம் தெரியும். நான் குரங்கு பிடிக்கப் போனேன். அவளுக்குப் பிள்ளையாராக முடிந்தது. வேடிக்கை என்னவென்றால் அவள் முகமும் வெளுத்துப் போயிருந்தது. அடக்கமாம், நடிக்கிறாளாம் என்று நான் உள்ளே போய் அடுப்பை ஊதினேன். எரிந்துகொண்டிருந்த அடுப்பைத்தான் ஊதினேன்.

அந்த வாரமே கடைக்காரர்கள் மூத்தார் தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். அவர் குழியைத் தங்கள் செலவிலேயே மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் என் வீட்டுக்காரர் தன் குழிக்குள் இறங்கினார், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், ஏறி வந்துவிட்டார். "பக்கத்துல சத்தம் இல்லாம கால் ஓட மாட்டேங்குது" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. யாரை ஜெயிப்பதற்கு நெய்வது? அவர் ஷெட்டுக்குப் போனார். நானும் போனேன். அங்கே பிணைக்க ஒரு மெஷின் இருக்கிறது. மூவாயிரம் நூலையும், பல்லில் மாட்டாத பொடி முடிச்சாக, நிமிஷங்களில் போட்டுவிடும். அதன் மேல் எனக்குப் பொறாமை வரவில்லை. மெஷின் யாருக்கு ஓரகத்தி?

தெருவின் கடைசித் தறி நின்றதற்கு நூல் விலை, சந்தை என்று படித்தவர்கள் பல காரணம் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

ஐந்தாறு மாசம் போனது. ஒருநாள் ஷெட்டில் வேலை பார்க்கும் ஒருத்தி மடித்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். "டவுன்ல இதுக்குத்தான் இப்ப மவுசு. சிவப்பு இழைப் போர்வை! உங்க அக்கா யோசனையாமே? என்ன மூளை, என்ன மூளை!"

தோற்றதைத் தாங்கிக்கொண்டேன். தறி நின்றதைத் தாங்கிக்கொண்டேன். என் இழைக்கு அவள் பெயரா? நான் உருவியது, நான் முறுக்கியது, என் திருட்டுத்தனம்! ஊர் என்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்லை, அந்த இழை என்னுடையது என்று கடை நடுவில் நின்று சொல்லிவிடுவது என்று மறுநாள் காலைப் பஸ்ஸில் ஏறினேன்.

கண்ணாடிக்கு வெளியே நல்ல கூட்டம். கூட்டத்தில் ஒருத்தியாக நின்றேன். அவள் நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட இடம். உள்ளே மூத்தார் நெய்துகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அறுந்த இழைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு அன்னியோன்னியம் பாருங்க" என்றாள் ஒரு பெண். சாப்பாட்டு நேரத்தில் திரையை இழுத்துவிட்டார்கள். நான் பக்கவாட்டுக் கதவால் நுழைந்தேன்.

"அந்த இழையைப் போட்டது யாரு தெரியுமா?" என்றேன். நலம்கூட விசாரிக்கவில்லை.

"மெதுவா பேசு" என்றாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நீதான். அன்னிக்கே தெரியும். முறுக்கு என்னுது மாதிரிதான் இருந்துச்சு. சாம்பலைக் காணோமே? எச்சில் வெச்சு முறுக்கறவ நம்ம வீட்டுல வேற யாரு?"

"தெரிஞ்சும் ஏன் மாத்தல?"

அவள் திரும்பித் தறியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூத்தார் இரண்டு கையாலும் தறியின் குறுக்குக் கட்டையைத் தேடித் தேடித் தடவி, அதைப் பிடித்துக்கொண்டு குழியிலிருந்து ஏறினார்.

"அவருக்குக் கண்ணு போயிடுச்சுடி. ரெண்டு வருஷமாச்சு. நரம்பு செத்துப்போச்சுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. கைப்பழக்கத்துல நெய்யறாரு. அறுந்தா நான் பாத்துக்கறேன். வீட்டுக்குள்ளன்னா யாருக்கும் தெரியாது. இந்தக் கண்ணாடிக்குள்ள எத்தனை நாள் மறைக்க முடியும்? உன்னோட தப்பு இருந்தா நாங்க தோத்துடுவோம், நீங்க ரெண்டு பேரும் வந்துடுவீங்கன்னுதான் அப்படியே விட்டேன். அது பாழாப்போச்சு."

அவள் நிறுத்தவில்லை.

"நீ டம்ளரைக் குழி ஓரத்துல வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம போவே. தம்பி தானா எடுத்துக் குடிப்பாரு. அதைப் பாத்து எனக்கு எத்தனை நாள் வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமா?"

இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்று கேட்ட ஒரே தடவை அது. அதுவும் எதற்கு என்று பாருங்கள். நான் அந்த டம்ளரைக் கோபத்தில்தான் வைப்பேன்.

அப்போது மேனேஜர் உள்ளே வந்தார். "அட, நல்ல நேரத்துல வந்தீங்க! அம்மாவைப் பத்தி வாசல்ல ஒரு பலகை வைக்கறோம். கூடவே இருந்தவங்க நீங்க, நாலு வரி எழுதிக் குடுங்க. அந்தச் சிவப்பு இழை யோசனை எப்படி வந்துச்சுங்கறது முக்கியம். அன்னிக்குத் தப்புன்னு அடக்கமாச் சொன்னாங்க, வேணும்னே விட்டதுதான்னு எனக்குத் தெரியாதா?" என்று தாளும் பேனாவும் கொடுத்தார்.

நான் பேனாவைத் திறந்தேன். உண்மையை எழுதிவிடலாம். இழை என்னுடையதாகிவிடும். ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும்? ஒரு போர்வை நீளத்துக்குச் சிவப்பு இழை தப்பாக ஓடியிருக்கிறது, நெய்தவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்பார்கள். மறுநாளே அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லுவார்கள். திரும்பிப் போக அவர்களுக்குக் குழிகூடக் கிடையாது. அவள் என்னிடம் எழுதாதே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேன்.

இந்த அம்மாள் பதினெட்டு வயதில் பாவு பிணைக்க உட்கார்ந்தார் என்று எழுதினேன். இடது கைக்காரர், தெருவில் முப்பத்து நாலு தறிக்கும் பிணைத்தவர் என்று எழுதினேன். இவரைப் போலப் பிணைக்க வேறு யாராலும் முடிந்ததில்லை, எழுதுகிற என்னாலும் முடிந்ததில்லை என்று மூன்றாவது வரி எழுதினேன். நாலாவது வரிக்குப் பேனா நகர மறுத்தது. நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டேன், பழக்கதோஷம். 'கரைக்கு வெளியே ஒற்றைச் சிவப்பு இழை விடும் யோசனை முழுக்க முழுக்க இவருடையதே' என்று எழுதி முடித்தேன்.

"சின்னவதானே? குரல் கேட்டுச்சு" என்றார் மூத்தார், என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்துக்கொண்டு. "என்ன எழுதினே, படி, கேப்போம்."

நாலு வரியையும் படித்தேன். கடைசி வரியைக் கேட்டதும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த முதல் போர்வையில அவ இதை என்கிட்டகூடச் சொல்லாம பண்ணினா தெரியுமா? கள்ளி! இந்த மாதிரி மூளை நம்ம வீட்டுல வேற யாருக்கு வரும், நீயே சொல்லு?"

"யாருக்கும் வராது மாமா" என்றேன்.

அவள் டம்ளரில் டீ ஊற்றி அவர் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டாள். இன்னொன்றை எனக்கு முன்னால் தரையில் வைத்தாள். நானே எடுத்துக் குடித்தேன்.